பட்டத்துக்குக் குச்சி தேர்ந்தெடுப்பது எப்படி? மூங்கில் முதல் கார்பன் வரை முழுமையான வழிகாட்டி

பட்டம் கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் துணிக்கும் நிறத்துக்கும் நிறைய நேரம் கொடுக்கிறார்கள். குச்சி மட்டும் கைக்குக் கிடைத்ததாக இருந்துவிடுகிறது. ஆனால் பறக்கும்போது வரும் தொல்லைகளை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவது, காற்று கூடினதும் தலைகுப்புறப் பாய்வது, மென்காற்றில் எழும்பவே மறுப்பது, இதில் பாதிக்குமேல் குச்சியில் தொடங்குகிற கோளாறுதான். சூத்திரக் கயிற்றை, அதாவது பட்டத்தையும் பறக்கவிடும் நூலையும் இணைக்கும் கயிற்றை, எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் தப்பான குச்சியைச் சரிசெய்ய முடியாது.

“எது வலுவான குச்சி?” என்று தேட வேண்டாம். “இந்தக் குச்சி வளைய வேண்டுமா, நேராக நிற்க வேண்டுமா?” என்று ஒவ்வொரு குச்சிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பொருளும் தடிமனும் தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: ஒவ்வொரு குச்சியின் வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் பட்டத்தை வரைந்து, ஒவ்வொரு குச்சியின் பக்கத்திலும் அதன் வேலையைக் குறியுங்கள். வேலை நான்கு வகைதான்.

முதல் வகை, நேராக நிற்பது. மேலிருந்து கீழாக ஓடும் நடுக்குச்சி இந்த வகை. சூத்திரக் கயிறு பெரும்பாலும் இதில்தான் கட்டப்படுகிறது. பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை இதுதான் பிடித்து வைக்கிறது. நடுக்குச்சி வளைந்தால் கோணம் நொடிக்கு நொடி மாறும். பட்டம் உதறும்.

இரண்டாவது, வளைந்து, வளைந்தபடியே நின்று, அவிழ்த்ததும் பழையபடி நேராவது. வில்குச்சி இந்த வகை. 1890களில் வில்லியம் எடி வால் இல்லாமல் பறக்கும் வைரவடிவப் பட்டத்தைப் பரப்பியபோது அதன் அடிப்படையே குறுக்குக் குச்சியை வில்லாக நாணேற்றியதுதான். நடுப்பகுதி முன்னால் தள்ளி நிற்க, இரண்டு பக்கமும் பின்னால் சாய்வதால் பட்டம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்கிறது. ஜப்பானின் அறுகோணப் பட்டமான ரொக்காக்குவிலும் இதே வேலையை இரண்டு குறுக்குக் குச்சிகள் செய்கின்றன.

மூன்றாவது, காற்று ஓங்கி அடிக்கும்போது நுனி மட்டும் பின்வாங்கி, காற்றை வழியவிட்டு, திரும்ப வருவது. முக்கோண வடிவ டெல்டா பட்டத்தின் முன்விளிம்புக் குச்சிகள் இப்படித்தான். இங்கே விறைப்பான குச்சியைப் போட்டால் பட்டம் பலமாகிவிடாது, முரடாகிவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் துள்ளும்.

நான்காவது, இரண்டு முனையிலிருந்தும் வரும் அழுத்தத்தைத் தாங்குவது. பெட்டிப் பட்டத்தின் மூலைவிட்டக் குச்சிகள் இதைச் செய்கின்றன. இவை உடைவதற்கு முன்பே நடுவில் பிதுங்கி வளைந்துவிடும். அதைத் தடுப்பது விறைப்பும் குட்டையான நீளமும். நீளத்தைப் பாதியாக்கினால் பிதுங்காமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகிறது. ஆகவே இரண்டு மூலைவிட்டக் குச்சிகள் நடுவில் சந்திக்கும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவது தடிமனான குச்சி போடுவதைவிட நல்ல வழி.

வேலையைப் பார்த்துப் பொருளைப் பிரிப்பது பட்டத்துக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தில் நேராக நிற்க வேண்டிய பாகங்களுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தையும், வளைந்த பாகங்களுக்கு ஆஷ் மரத்தையும் போட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1899இல், இறக்கையை முறுக்கும் யோசனையை அவர்கள் சோதித்துப் பார்த்தது ஒரு பட்டத்தில்தான்.

படி 2: எந்தக் காற்றுக்கு என்று முடிவுசெய்யுங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 18 கி.மீ. காற்று, தன்னை நேராக எதிர்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. 36 கி.மீ. என்றால் அதுவே ஆறு கிலோவைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் 36 கி.மீ. என்பது புயல் இல்லை. மரக்கிளைகள் ஆடுகிற நல்ல காற்று, அவ்வளவுதான்.

ஒரே குச்சியை வைத்துக்கொண்டு எல்லாக் காற்றிலும் பறக்கவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். துணி ஒன்றாகவும் குச்சி இரண்டு செட்டாகவும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு: மென்காற்றுக்கு மெல்லிய செட், பலத்த காற்றுக்குத் தடித்த செட். அப்படிச் செய்ய வேண்டுமானால் குச்சியைத் துணியோடு ஒட்டிவிடாமல், கழற்றி மாட்டும்படி பைவைத்துத் தைக்க வேண்டும். துணியை வெட்டும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள்.

படி 3: விறைப்பு, எடை, தடிமன் மூன்றும் எப்படி ஆடுகின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். குச்சி வாங்கும்போது காசையும் நேரத்தையும் மிச்சம் பிடிப்பது இதுதான்.

உருண்டைக் குச்சியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடை இரண்டாம் அடுக்கில் கூடுகிறது. அதாவது தடிமனைப் பத்து சதவீதம் கூட்டினால் எடை 21 சதவீதம் ஏறும், விறைப்போ 46 சதவீதம் ஏறும். 5 மி.மீ. குச்சி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்றால் 8 மி.மீ.க்குத் தாவ வேண்டியதில்லை, 5.5 மி.மீ. போதும். விறைப்பில் அதுவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

நீளம் இதற்கு எதிராக வேலை செய்கிறது. இரண்டு முனையையும் தாங்கி நடுவில் ஒரு எடையைத் தொங்கவிட்டால், நீளம் இரண்டு மடங்கான குச்சி எட்டு மடங்கு தொய்யும். சின்னப் பட்டத்தின் அளவுகளை அப்படியே இரட்டிப்பாக்கிப் பெரிது கட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

குழாய் என்றால் கதையே வேறு. 6 மி.மீ. திடக்குச்சியின் நடுவில் 4 மி.மீ. துளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை 44 சதவீதம் குறைகிறது. விறைப்பு குறைவது வெறும் 20 சதவீதம். நடுவில் உள்ள பொருள் வளைவைத் தடுக்க அதிகம் உதவுவதில்லை என்பதால் இப்படி.

அடுத்தது பொருள். ஒரே தடிமனில் எடுத்துக்கொண்டால், ஸ்ப்ரூஸ் மரத்தின் விறைப்பை 1 என்று வைத்தால் மூங்கில் சுமார் ஒன்றரை, ஃபைபர்கிளாஸ் சுமார் 4, கார்பன் (கார்பன் இழையில் செய்த குச்சி) 12 முதல் 13. இந்த வரிசையைப் பார்த்ததும் கார்பன்தான் எல்லாவற்றுக்கும் பதில் என்று தோன்றும். எடையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 4 மி.மீ. திடக் கார்பன் குச்சி மீட்டருக்குச் சுமார் 20 கிராம். அதே விறைப்பு ஸ்ப்ரூஸில் வேண்டுமென்றால் ஏழரை மி.மீ. தடிமன் தேவை, அதன் எடையும் மீட்டருக்குச் சுமார் 20 கிராம்தான்! மூங்கிலில் 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, எடை 25 கிராம் அளவில். ஃபைபர்கிளாஸில் ஐந்தரை மி.மீ., எடை 44 கிராம்.

ஆக, நேராக நிற்க வேண்டிய திடக்குச்சிக்கு நல்ல மரம் கார்பனுக்கு எடையில் சளைத்ததல்ல. கார்பன் ஜெயிப்பது வேறு இடங்களில்: மெலிசாக இருப்பதால் காற்றை அதிகம் தடுப்பதில்லை, குழாயாகக் கிடைக்கிறது, ஒரு குச்சிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை, ஈரத்தில் ஊறுவதில்லை. ஃபைபர்கிளாஸ் விறைப்புக்கு ஏற்ற பொருளே அல்ல. அதன் பலம் வளைந்து மீள்வதில். அங்கே அதை விட்டால் ஆளில்லை.

படி 4: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

*மூங்கில்*

முதல் பட்டம் கட்டுகிறவருக்கும், வில்குச்சி தேவைப்படும் எவருக்கும் நான் சொல்வது மூங்கில்தான். காரணம் எளிது: மூங்கிலை நம் விருப்பப்படி செதுக்கலாம். ஒரே குச்சியை நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெலிதாகவும் சீவிவிடலாம். ஆலையில் செய்த குச்சி எதுவும் இந்த வசதியைத் தருவதில்லை.

முற்றிய மூங்கிலாகப் பார்த்து எடுங்கள். மூன்று முதல் ஐந்து வயது ஆனது நல்லது. இளம் மூங்கில் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பச்சை மூங்கிலை வெட்டி உடனே கட்டினால் சில வாரங்களில் பட்டத்தின் வடிவமே மாறிவிடும். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும். நிழலில், காற்றோட்டமாக, மெதுவாகக் காய வேண்டும். மேலே சின்னச் சின்ன ஓட்டைகளும் கீழே மாவுத் தூளும் தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தொடவே வேண்டாம்.

மூங்கிலை ரம்பத்தால் நெடுக்காக அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். பிளந்தால் பிளவு நாரின் வழியே போகும். அறுத்தால் நாரை வெட்டிக்கொண்டு போகும். வெட்டுப்பட்ட நார் வளைவில் முதலில் விடும். பிளக்கும்போது கத்தி ஒரு பக்கமாக ஓடி, ஒரு பிளாச்சு மெலிந்தும் மற்றது தடித்தும் வர ஆரம்பிக்கும். அப்போது கத்தியைத் திருப்பிப் பயனில்லை. தடித்த பக்கத்துப் பிளாச்சைப் பிடித்து வெளிப்புறமாக அதிகம் வளையுங்கள். பிளவு தடித்த பக்கத்தை நோக்கித் திரும்பி, நடுவுக்கு வந்துவிடும். இரண்டு மூன்று துண்டில் செய்து பார்த்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

பிளந்த பிளாச்சை எடுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். தோலுக்கு அடியில் கரும்புள்ளிகள் நெருக்கமாகவும், உள்பக்கம் போகப்போக அகலமாகப் பரவியும் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் நார். வலு முழுக்கத் தோலை ஒட்டியே இருக்கிறது. ஆகவே சீவுவதெல்லாம் உள்பக்கத்தில்தான். தோலைச் சீவாதீர்கள். பளபளப்பாக இருக்கிறது, பசை ஒட்டாது என்று பட்டால் கட்டுப்போடும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். வில்லாக வளைக்கும்போது தோல் வெளிவளைவில் இருக்கட்டும், இழுபடுவது அந்தப் பக்கம்தான். கணு உள்ள இடத்தில் உள்சுவரின் மிச்சத்தை நன்றாக வழித்துவிடுங்கள். வெளியே உள்ள மேட்டை மட்டப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணுவில் நார் நேராக ஓடாது, அங்கே ஆழமாகச் சீவினால் முறியும்.

பட்டையான குச்சியில் தடிமன் மூன்றாம் அடுக்கில் பேசுகிறது. 4 மி.மீ. தடிமனில் ஒரு மி.மீ. வெட்டு போட்டாலே அந்த இடத்தில் மிஞ்சும் விறைப்பு 42 சதவீதம்தான். குறுக்கே வைத்துக் கட்டுவதற்காக மூங்கிலில் பள்ளம் எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நூல் கட்டு போதும்.

நிரந்தர வளைவு வேண்டுமானால் சூடு காட்டுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே, உள்பக்கம் சுடரைப் பார்த்திருக்க, இடைவிடாமல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். சிறிது நேரத்தில் தோலில் ஈரம் வியர்ப்பதுபோல் மினுக்கும், குச்சி கையில் இளகுவது தெரியும். அப்போது வளைத்து, வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஈரத்துணியால் ஆறவையுங்கள். விட்டதும் சற்றுப் பின்வாங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். கருகினால் அந்த இடம் போச்சு, வேறு குச்சி எடுங்கள்.

*மரம்*

ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச் ஆகியவை பட்டத்துக்குச் சரியான மரங்கள். ஸ்ப்ரூஸ் எடைக்கு மிக விறைப்பு. பிர்ச் கனம், ஆனால் அடிதடி தாங்கும். நடுக்குச்சிக்கும் பெட்டிப் பட்டத்தின் மூலைக் குச்சிகளுக்கும் மரம் அருமையாகப் பொருந்தும். பால்சா கணக்குப்படி எல்லாவற்றையும்விட எடைக்கு விறைப்பானது. ஆனால் நகம் பட்டால் பள்ளம் விழும், தரையில் மோதினால் நொறுங்கும். வீட்டுக்குள் பறக்கவிடும் சின்னஞ்சிறு பட்டத்தோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

உருட்டிய மரக்குச்சி வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: நார்க்கோடுகள். எந்திரம் நாரைப் பார்ப்பதில்லை, நேர்கோட்டில் கடைந்துகொண்டு போய்விடும். குச்சி கண்ணாடிபோல் நேராக இருக்கும். உள்ளே நார் சாய்வாக ஓடிப் பக்கவாட்டில் முடிந்திருக்கும். முறிவு அங்கேதான். 20 செ.மீ. நீளத்துக்குள் கோடு ஒரு செ.மீ.க்குமேல் விலகினால் அந்தக் குச்சி வேண்டாம். முடிச்சு உள்ளதும் வேண்டாம். பிறகு கண்ணுக்கு நேராகப் பிடித்து, உருட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள்; கோணல் இருந்தால் தெரிந்துவிடும். கட்டும் முன் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் ஈரத்துக்கு முறுக்காது.

*ஃபைபர்கிளாஸ்*

டெல்டாவின் முன்விளிம்பு, அகலமான வில், வட்டமாக வளைய வேண்டிய சட்டம், இதற்கெல்லாம் இதுதான். முரட்டுத்தனமாகத் தரையில் மோதினாலும் வளைந்து நிமிரும். குழந்தைகள் பறக்கவிடும் பட்டத்துக்கு நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன். இறுக்கமாக வளைக்க வேண்டுமென்றால் மெல்லியதாக எடுங்கள்: ஒரே பொருளில், பாதித் தடிமன் உள்ள குச்சி பாதி ஆரமுள்ள வளைவுவரை தாங்கும். விறைப்பும் வேண்டும் வளைவும் வேண்டும் என்றால் மெல்லிய குச்சிகள் இரண்டைச் சேர்த்துப் போடலாம்.

பல நாள் வெயிலில் கிடந்தால் மேற்பரப்பில் உள்ள பிசின் தேய்ந்து, கண்ணாடி இழைகள் மேலே எழும்பும். கையால் வருடினால் முள் ஏறும். அப்படி ஆனதை வார்னிஷ் பூசிக் காப்பாற்றலாம். நெடுக்கே விரிசல் கண்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

*கார்பன்*

பெரிய பட்டத்தின் நடுக்குச்சி, இரண்டு கயிற்றில் ஆட்டிவைக்கும் வித்தைப் பட்டத்தின் சட்டம், மென்காற்றுப் பட்டம் என்று எங்கே விறைப்பும் மெலிவும் சேர்ந்து தேவையோ அங்கே கார்பன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இழைகள் எல்லாம் நெடுக்காகவே ஓடும். அச்சு வழியாக இழுத்துச் செய்தது. விறைப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நசுங்கினால் நெடுக்கே பிளக்கும். இன்னொன்று சுற்றிச் செய்த குழாய். அதில் குறுக்கே ஓடும் அடுக்குகளும் இருக்கும், எடை குறைவு, நசுங்குவதைத் தாங்கும். முதல் வகையை வாங்கினால் இரண்டு முனையிலும் ஒரு செ.மீ. அளவுக்கு மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றிச் சூப்பர் க்ளூ ஊற்றிவிடுங்கள். பிளவு பெரும்பாலும் முனையில்தான் ஆரம்பிக்கும்.

கார்பன் எச்சரிக்கை கொடுக்காது. மூங்கில் முனகும், மரம் விரியும்; கார்பன் சட்டென்று போய்விடும். எல்லைக்கு அருகே வளைத்து வைக்கும் வில்லுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகில் எந்தப் பட்டத்தையும் பறக்கவிடக் கூடாது, இடி மின்னல் நேரத்திலும் கூடாது. கார்பன் சட்டம் என்றால் கம்பியில் சிக்கியதை எடுக்கப் போகும் எண்ணமே வரக் கூடாது.

*மற்றவை*

அலுமினியக் குழாய் விறைப்பானது, ஆனால் ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். சட்டத்துக்கு வேண்டாம், இரண்டு குச்சியை இணைக்கும் சிறு குழாயாக மிக நல்லது. பிவிசி குழாய் கனம், தொளதொளப்பு, ஒதுக்கிவிடுங்கள். உறிஞ்சுகுழல்கள் நான்முகிப் பட்டம் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட அறைகளால் ஆனது) கட்டிப் பழக உதவும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 3,393 நான்முகி அறைகள் கொண்ட பட்டத்தில் 1907இல் ஒரு ஆளையே மேலே ஏற்றிய அதே வடிவம் அது. ஈர்க்குச்சி காகிதப் பட்டத்துக்குப் போதும். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து இருப்பதால் இரண்டு ஈர்க்கை அடியும் நுனியுமாக மாற்றிச் சேர்த்துக் கட்ட வேண்டும். குச்சியே வேண்டாம் என்றால் டோமினா ஜால்பர்ட் 1964இல் உருவாக்கிய, துணி அறைகளில் காற்று நிரம்பியே வடிவம் பெறும் காற்றறைப் பட்டம் இருக்கிறது, ஆனால் அது தையல் வேலை.

படி 5: ஆரம்ப அளவு

இவற்றைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மிதமான காற்றுக்கு இவை பொருந்தும்.

60 செ.மீ.க்கு உட்பட்ட காகிதப் பட்டம்: 2 முதல் 3 மி.மீ. மூங்கில்.

ஒரு மீட்டர் வைரவடிவப் பட்டம்: நடுக்குச்சிக்கு 5 அல்லது 6 மி.மீ. மரம், வில்லுக்கு அதே அகல மூங்கில், முனைகள் மெலிந்து. செயற்கைப் பொருள்தான் வேண்டும் என்றால் நடுக்குச்சி 4 மி.மீ. கார்பன், வில் 4 மி.மீ. ஃபைபர்கிளாஸ். வில்லின் ஆழம் குச்சி நீளத்தில் பத்தில் ஒரு பங்கு.

இரண்டு மீட்டர் அகல டெல்டா: முன்விளிம்புக்கு 5 முதல் 6 மி.மீ. ஃபைபர்கிளாஸ் குழாய் அல்லது 8 மி.மீ. மரம், இறக்கைகளை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் குச்சிக்கு 6 மி.மீ. கார்பன் குழாய். இந்தக் குறுக்குக் குச்சிதான் டெல்டாவின் காற்று வரம்பைத் தீர்மானிக்கிறது. படி 2இல் சொன்ன இரண்டு செட் யோசனையை இங்கே இந்த ஒரு குச்சிக்கு மட்டும் செய்தாலே போதும்.

ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட ரொக்காக்கு: நடுக்குச்சிக்கு 8 மி.மீ. கார்பன் குழாய், குறுக்குக் குச்சிகளுக்கு 6 மி.மீ. குழாய் அல்லது சீவிய மூங்கில்.

படி 6: வளைத்து அளந்து ஜோடி சேருங்கள்

நல்ல குச்சியைவிட ஒத்த குச்சி முக்கியம். இடது இறக்கை வலது இறக்கையைவிடக் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தால், காற்று கூடக்கூட இடது பக்கம் அதிகம் பின்வாங்கும். பட்டம் அந்தப் பக்கமே இழுக்கும். மென்காற்றில் ஒழுங்காகப் பறந்துவிட்டுப் பலத்த காற்றில் மட்டும் ஒரு பக்கம் சாய்கிறதா? கயிற்றைத் தொடாதீர்கள், குச்சிகளை அளந்து பாருங்கள்.

அளப்பது சுலபம். இரண்டு நாற்காலிகளைச் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். குச்சியை மேலே கிடத்தி, நடுவில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பின்னால் ஒரு அளவுகோல் வைத்துப் பாருங்கள். 4 மி.மீ. திடக் கார்பன் 12, 13 மி.மீ. தொய்யும். அதே தடிமன் ஃபைபர்கிளாஸ் 40 மி.மீ. அளவில். 6 மி.மீ. ஸ்ப்ரூஸ் 30 மி.மீ. அளவில். மர, மூங்கில் குச்சிகள் ஒன்றுக்கொன்று நிறையவே வித்தியாசப்படும். ஒவ்வொன்றின் தொய்வையும் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிட்டு, பக்கத்துப் பக்கத்து எண்களை ஜோடி சேருங்கள். மூங்கிலை அளக்கும்போது பட்டத்தில் எந்த முகம் முன்னால் வருமோ அந்த முகத்தை வைத்தே அளக்க வேண்டும்.

மூங்கிலில் ஜோடி கிடைக்க இன்னும் எளிய வழி, ஒரே பிளாச்சை அகலமாக எடுத்து, கடைசியில் நெடுக்காக இரண்டாகப் பிளப்பது. நார், கணு, வயது எல்லாம் ஒன்றாகவே அமையும். வில் ஒரே துண்டாக இருந்தால் அதன் நடுவை விரல் நுனியில் வைத்து எடை சமமா பாருங்கள். பிறகு நாணேற்றி, அதைத் தாளின் மேல் வைத்து வளைவை வரைந்து, குச்சியைப் புரட்டிப் போட்டு அதே கோட்டில் பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாக வளைகிறதோ அந்தப் பக்கத்தின் உள்முகத்தைச் சீவுங்கள். நாலு இழுப்பு சீவுங்கள், வரைந்து பாருங்கள், மறுபடி சீவுங்கள். இந்த வேலைக்குப் பொறுமைதான் கருவி. ஒரு மாலை முழுக்க இதில் போனாலும் பட்டம் அதைத் திருப்பித் தரும்.

படி 7: வெட்டுவதும் இணைப்பதும்

கார்பனையும் ஃபைபர்கிளாஸையும் கட்டிங் பிளேயரால் நறுக்காதீர்கள், நசுங்கிப் பிளந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, நுண்பல் ஆக்ஸா பிளேடால், குச்சியை உருட்டிக்கொண்டே சுற்றிவர அறுங்கள். தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். மாஸ்க், கண்ணாடி இரண்டும் வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. வெட்டிய முனையில் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு, அதன் மேல் ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். மூடாத முனை துணியையும் கிழிக்கும், எதிரே நிற்பவர் கண்ணையும் பதம் பார்க்கும்.

எந்தக் குச்சியிலும் ஓட்டை போடாதீர்கள். இரண்டு குச்சிகள் குறுக்கிடும் இடத்தில் நூலால் எட்டுவடிவக் கட்டு, மேலே பசை. கழற்ற வேண்டுமானால் வினைல் குழாய்த் துண்டு ஒன்றைக் குறுக்கே துளைத்து நடுக்குச்சியை நுழைத்து, இரண்டு முனைகளிலும் குறுக்குக் குச்சிகளைச் செருகலாம். நீளத்தில் இணைக்க, குழாய்க்குள் சரியாகப் பொருந்தும் குச்சி, அல்லது மேலே மாட்டும் அலுமினியக் குழாய், 6 மி.மீ. குச்சிக்கு ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. உள்ளே போகட்டும். குட்டையாக வைத்தால் அந்த இடத்தில் சுமை குவிந்து குழாய் பிளக்கும்.

படி 8: பறக்கவிட்டுப் பார்த்து மாற்றுங்கள்

முதல் தடவை மேலே போனதும் பட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். நடுக்குச்சி வில்லாக வளைந்து தெரிந்தால் அரை மி.மீ. தடிமன் கூட்டுங்கள், அல்லது சூத்திரக் கயிற்றை இரண்டு புள்ளிக்குப் பதிலாக மூன்றில் கட்டுங்கள். குச்சியை மாற்றாமலே பாதிப் பிரச்சினை தீரும். இறக்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் அளவுக்குப் பின்னால் மடிந்தால் குறுக்குக் குச்சி போதவில்லை. இறக்கை அசையவே இல்லை, பட்டம் வீச்சுக்கு வீச்சு துள்ளுகிறது என்றால் முனைகள் மிக விறைப்பு. மூங்கில் என்றால் சீவுங்கள், கார்பன் என்றால் ஃபைபர்கிளாஸுக்கு மாறுங்கள். துணியில் நடுவிலிருந்து முனைவரை சுருக்கங்கள் ஓடினால் குச்சி ஓரிரு மி.மீ. நீளம் கூடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாணை அவிழ்த்துவிடுங்கள். நாணேற்றியபடியே மாட்டிவைத்த மரமும் மூங்கிலும் கொஞ்ச நாளில் அந்த வளைவை நிரந்தரமாக்கிக்கொள்ளும், மீளும் சக்தி போய்விடும். குச்சிகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தாமல், படுக்கையாகவோ நேராகத் தொங்கவிட்டோ வையுங்கள். பறக்கவிடப் போகும் பையில் முறியக்கூடிய அளவில் ஒரு மாற்றுக் குச்சி, கொஞ்சம் நூல், டேப், குச்சிக்கு மேலே மாட்டும் ஒரு அலுமினியக் குழாய்த் துண்டு இருக்கட்டும். நடுவில் முறிந்த குச்சியின் இரண்டு முனைகளையும் அதில் செருகி டேப் சுற்றினால் அன்றைய மாலை முழுக்கப் பறக்கலாம். மறுநாள் அந்தக் குச்சியின் ஜோடியையும் சேர்த்து அளந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.